வேறு யாருக்கும் தெரியாது

படிவம் நிரப்பக் கறுப்பு மைதான் நல்லது. நீலம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நகல் எடுத்தால் மங்கிவிடும். இரண்டாம் நகலில் பாதி எழுத்து காணாமல் போயிருக்கும். நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது நீலப் பேனா. பரவாயில்லை. என் சட்டைப் பையில் கறுப்பு ஒன்று இருந்தது, வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது மட்டும் அதைத் திருப்பித் தந்தால் போதும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எது முதல் என்றுதான் இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு என்மேல் தவறான எண்ணம் வந்துவிடும். பதினோரு வருடம் பின்னால் போகவேண்டும். ஒரு கண்ணாடிச் சன்னல். அதற்குப் பின்னால் ஒரு விசா அதிகாரி. இந்தப் பக்கம் நான், புதுச் சட்டையில்.

அப்போது நான் வேறு நிறுவனத்தில் இருந்தேன். வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றுவதற்காக எனக்கு விசா கேட்டிருந்தார்கள். படிவத்தை நிரப்பியது அலுவலகக் குமாஸ்தா. அனுபவம் மூன்று வருடம் என்று எழுதியிருந்தார். உண்மையில் இரண்டு வருடம் நான்கு மாதம். "ரவுண்டா மூணுன்னு போட்டுட்டேன் தம்பி, யாரு நோண்டப் போறா" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி நோண்டினார். மாதங்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, என் கையெழுத்தின்மேல் தன் விரலை வைத்தார். திட்டவில்லை. ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கக்கூடாது என்றார். இன்னொரு முறை ஒரே ஒரு பொய் வரி இருந்தாலும் ஆயுள் முழுக்கத் தடை, உங்களுக்கும் உங்கள் பெயரில் வருகிற எல்லோருக்கும் என்றார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

அன்று முதல் நான் உண்மையில்லாத எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மகளின் பள்ளிக்கூட நாட்குறிப்பில்கூட. அவள் வீட்டில் அரை மணி நேரம் வாசித்தாள் என்று எழுதியிருந்தால், நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இது முக்கியமாகும்.

ஐந்து வருடம் காத்திருந்தேன். இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆறு வருடத்துக்கு முன் அவர்களே என்னை இங்கே மாற்றினார்கள். மனைவி, மூன்று வயது மகள், நான்.

எங்கள் தொழிற்சாலையை நீங்கள் வந்து பார்த்திருக்கிறீர்கள். மரச்சில்லுகளை அழுத்திப் பலகை செய்கிறோம். அழுத்துவதற்கு முன் சில்லுகள் காயவேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு டிரம்கள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர் நீளம், உள்ளே ஒரு ஆள்மேல் இன்னொரு ஆள் நிற்கலாம். உட்சுவர் முழுக்க இரும்புத் துடுப்புகள். டிரம் சுழலும்போது துடுப்புகள் சில்லுகளை அள்ளி மேலேயிருந்து கொட்டும். ஒரு துடுப்பின் சாய்வு விரலளவு மாறினாலும் சில்லு கருகிவிடும், அல்லது ஈரமாகவே வெளியே வரும். இது நிறுவனத்தைத் தொடங்கியவர் தானே யோசித்துச் செய்த இயந்திரம். உலகத்தில் இரண்டு ஊர்களில்தான் இருக்கிறது, எங்கள் பழைய கிளையிலும் இங்கேயும். துடுப்பின் சாய்வை அளக்கக் கருவி கிடையாது. உள்ளே போய்ச் சுத்தியலால் தட்டிக் காதால் கேட்கவேண்டும். சரியாக இருக்கும் துடுப்பு, நடுக்கடலில் ஒரு கப்பல் மணி அடிப்பதுபோல் தொலைவாக ஒலிக்கும். தவறாக இருப்பது இருமும்.

எனக்கு அது பிடிபட மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தைத்தான் இந்த நாடு விசாவாக மாற்றித் தந்தது. ஒரு நிறுவனம் தன் ஆளை வேறொரு கிளையிலிருந்து இங்கே கொண்டுவர வேண்டுமானால், இவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது என்று காட்டவேண்டும். எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு ஆணியில்தான் எங்கள் வீடு, மகளின் பள்ளி, சன்னலோரத்துச் செடி எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

என் மனைவிக்கு ஒரு தம்பி. வீட்டில் அவன் பெயர் வால். சின்ன வயதில் செய்த சேட்டைகளுக்காக வைத்த பெயர். இருபத்தெட்டு வயதிலும் அது போகவில்லை, அவனும் போக விடவில்லை. நான் இங்கே வந்தபிறகு பழைய கிளையில் டிரம்மைப் பார்க்க ஆள் இல்லை. மச்சினன் சும்மாதானே இருக்கிறான் என்று நான்தான் சிபாரிசு செய்தேன். சேர்த்துக்கொண்டார்கள். போன வருடம் என்னிடம் எட்டு மாதம் பயிற்சி எடுக்க அவனை இங்கே அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவில் படுத்துக்கொண்டான்.

வீடு மாறிப்போனது. அதையும் சொல்லவேண்டும், நான் அவனை வெறுத்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அவன் வருவதற்குமுன் எங்கள் சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம்தான் கேட்கும்.

"மாமா, உனக்கு ஏன் வால்னு பேரு?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"உங்கம்மா இந்தக் குடும்பத்துக்குத் தலை. நான் வால்."

"அப்ப அப்பா?"

"தலைக்கும் வாலுக்கும் நடுவுல என்ன இருக்கும்? வயிறு. பாரு, அத்தான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

என் மனைவி சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரைக்கேறியது. அவன் எழுந்து அவள் தலையில் தட்டினான். நானும் சிரித்தேன். உண்மையிலேயே சிரித்தேன்.

மூன்று வருடத்தில் நான் கற்றதை அவன் நான்கு மாதத்தில் கற்றுவிட்டான். சீட்டியடித்துக்கொண்டே தட்டுவான். எனக்கு அமைதி வேண்டும், அவனுக்கு வேண்டாம். ஒருநாள் நான் சரி என்று விட்ட துடுப்பைத் தட்டிப் பார்த்து, "அத்தான், இது லேசா இருமுதே" என்றான். மறுபடி கேட்டேன். இருமியது.

அவனுடைய பயிற்சியின் ஐந்தாம் மாதத்தில் என் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். எங்கள் அலுவலகத்தில் இதையெல்லாம் பார்ப்பவரை எல்லோரும் விசா மேடம் என்பார்கள். ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"உட்காருங்க சார். பதறாதீங்க. கேள்விதான் கேட்டிருக்காங்க, முடியாதுன்னு சொல்லல."

"என்ன கேள்வி?"

"உங்களுக்குத் தெரிஞ்ச வேலை நம்ம கம்பெனில வேற யாருக்காவது தெரியுமான்னு. எந்தக் கிளையா இருந்தாலும் சரியாம்."

"தெரியும். என் மச்சினனுக்குத் தெரியும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இத நீங்க என்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம்."

கடிதத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். 'இந்த நிறுவனத்தில் இவரைத் தவிர வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாது.' அதன்கீழ் வழக்கமான வரி: மேலே கண்டவை அனைத்தும் கையெழுத்திடும் தேதியில் உண்மை. அதன்கீழ் எனக்கு ஒரு கோடு. இருபத்தெட்டு நாளுக்குள் அனுப்பவேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி, அடுத்த அறுபது நாளில் நாட்டை விட்டு வெளியேறவேண்டும்.

"எல்லாருக்கும் இப்படித்தான் சார் எழுதறோம்" என்றார். "அவர் ட்ரெய்னிங்லதானே இருக்கார்? முழுசாத் தெரியாதுன்னு வச்சுக்கலாமே."

"முழுசாத் தெரியும். என்னைவிட நல்லாத் தெரியும்."

"நீங்க ஒரு ஆளு சார்" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

அந்த இருபத்தெட்டு நாள்களை உங்களுக்கு எப்படிச் சொல்வது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. பழைய கிளையில் என் இடம் இப்போது வாலுடையது. திரும்பிப் போனால் நான் ஒரு காலத்தில் வெளிநாட்டில் இருந்தவன், அவ்வளவுதான். மகள் அங்கே எந்த வகுப்பில் உட்காருவாள்? எங்கள் எழுத்தில் தன் பெயரை மட்டும் எழுதுவாள், அதுவும் படம் வரைவதுபோல. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டி நாள்களை அடித்துக்கொண்டு வந்தேன். தட்டில் சோறு அப்படியே மிஞ்சும். பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது என் முழங்கால் தானாக ஆடும், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போவார். விடுப்பு எடுத்துக்கொண்டு விசா அலுவலகத்துக்குப் போனேன். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார் காவலாளி. எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. மாலை அவர்கள் கதவைப் பூட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் அதே மாதிரிக் காகித உறையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தவணையை நீட்டச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரே வார்த்தைகளில் மறுப்பு வந்தது.

என் மனைவி அலமாரி மேலிருந்து பெட்டிகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிடலாங்க" என்றாள். "இங்க என்ன கொட்டிக் கிடக்கு? பால்கனில நின்னா எதிர்வீட்டு பால்கனி. நான் யாருகிட்டயாவது வாய் விட்டுப் பேசி ஆறு வருஷம் ஆச்சு. பாப்பாவுக்கு எழுத்து நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

நான் மனம் உடைந்துவிடக்கூடாது என்பதற்காக அவள் அப்படிப் பேசினாள். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? அவள் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பாடிக்கூடப் பார்த்தாள். என்ன ஒரு நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன். அப்போதே முடிவு செய்தேன், இவளை எப்படியாவது இங்கே வாழவைக்கவேண்டும் என்று.

ஒன்பதாம் நாள் மாலை, தொழிற்சாலை வாசல் பேருந்து நிறுத்தத்தில், வால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"வேலைய விட்டுட்டேன். காலைல மெயில் போட்டாச்சு."

"என்னடா உளர்ற?"

"அக்காகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க, ஒப்பாரி வைப்பா. விசா மேடத்த நானே போய்க் கேட்டேன். நான் இருக்கறதுதான் உங்களுக்கு இடைஞ்சலாம். நான் கழண்டுக்கிட்டா நீங்க ஒரே ஆளு. கத முடிஞ்சுது." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். "எனக்கென்ன அத்தான். கழுத வயசாகுது. ஊருக்குப் போய் ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு, நாலு வண்டியக் கழட்டி மாட்டிட்டு இருப்பேன். பாப்பாவ மட்டும் லீவுக்கு அனுப்பி வைங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தோளில் கை போட்டேன். என் அப்பா இறந்தபோதுகூட நான் அப்படிக் கலங்கியதில்லை. பேருந்து வந்து, ஏறி, உட்கார்ந்தபிறகு கேட்டேன்.

"நோட்டீஸ் எத்தன நாளு?"

"தொண்ணூறு."

கடிதம் அனுப்ப மீதி இருந்தது பத்தொன்பது நாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக விசா மேடத்திடம் போனேன். நோட்டீஸைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன்.

"அங்க கிளை மேனேஜர் கையெழுத்துப் போடணும் சார், அது ஒரு மாசம் இழுக்கும். அத விடுங்க. 'விலகிவிட்டார்'னு எழுதிடலாம். ரெண்டு மாசம் முன்னப் பின்ன."

"இன்னும் விலகலையே மேடம். கடைசி நாள் வரைக்கும் அவன் கம்பெனி ஆளுதானே."

"சார், யாரு உக்காந்து நாள எண்ணப் போறா?"

எண்ணுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னும் எண்ணினார்கள். அவருக்கு அதை விளக்கிச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் யோசித்தேன். எல்லாப் பக்கமும் யோசித்தேன். வேலையை விட்டவுடன் கற்றது மறந்துவிடாது, ஆனால் கேள்வி அது இல்லை. கேள்வி, கையெழுத்திடும் தேதியில் நிறுவனத்தில் வேறு யாருக்காவது தெரியுமா என்பது. அந்தத் தேதியில் அவன் நிறுவனத்தில் இருப்பான். அவனுக்குத் தெரியும். அந்த வரியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தேதியை மாற்றவும் அதிகாரம் இல்லை.

பூட்டைப் பற்றி இப்போது சொல்கிறேன். டிரம்முக்குள் ஒருவர் போகுமுன், வெளியே இருக்கும் பெரிய சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டைப் போடவேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. சாவி அவர் சட்டைப் பையில் அவரோடு உள்ளே போகும். பூட்டு இருக்கும்வரை சுவிட்சைத் திருப்ப முடியாது. என் பூட்டு சிவப்பு, அவனுடையது மஞ்சள். பூட்டோடு இரண்டு சாவி தருவார்கள். இரண்டாவதை உறையிலிட்டுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. வால் ஒப்படைக்கவில்லை. முதல் மாதத்திலேயே தன் சாவியைத் தொலைத்துவிட்டு அதிகாரியிடம் ஏச்சு வாங்கி, புதுப் பூட்டு வாங்கியிருந்தான். அதனால் இரண்டாவது சாவியைத் தன் அக்காவிடம் கொடுத்து வைத்தான்.

"இவன் தலையக்கூடக் கழட்டி எங்கயாவது வச்சுட்டு வந்துடுவான்" என்று சொல்லி, அவள் அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, சமையலறைக் கதவுப் பக்கம் மூன்றாவது ஆணியில் மாட்டினாள். முதல் ஆணியில் வீட்டுச் சாவி. இரண்டாவதில் தபால்பெட்டிச் சாவி. மூன்றாவதில் தம்பியின் உயிர். அவள் அப்படிச் சொல்லவில்லை, இது நான் இப்போது சொல்வது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் உற்பத்தி கிடையாது. ஒரு டிரம்மைப் பார்த்துச் சரிசெய்வோம், மற்றதும் சும்மா நிற்கும். சரிசெய்து முடித்ததும் சூடேற்றத் தொடங்குவார்கள். எத்தனை மணிக்கு எந்த டிரம் தயார் என்று கரும்பலகையில் எழுதுவது பொறுப்பாளரான என் வேலை. கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் அந்த நேரத்தில் தன் பலகையில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால் சுவிட்ச் போட்டிருக்கிறது, பூட்டு இல்லை, உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். முப்பது நொடி சைரன் ஒலிக்கும். பிறகு டிரம் சுழலும்.

இருபத்தைந்தாம் நாள் ஞாயிறு. காலையில் நாங்கள் இருவரும் வீட்டிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்பினோம். அவன் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன். மகள் அவன் பையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் போட்டு, "மாமா, இதயாவது தொலைக்காம சாப்பிடு" என்றாள்.

முதல் டிரம். அவன் சுவிட்சை அணைத்து, மஞ்சள் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் பூட்டுப் போட்டான். மறக்கவில்லை.

"எத்தன மணிக்கு முடியும்?" என்று கேட்டேன்.

"பதினொண்ணுக்கெல்லாம் வெளிய வந்துடுவேன் அத்தான்."

நான் கரும்பலகையில் 'முதல் டிரம், 11 மணி' என்று எழுதினேன். அவன் சொன்னதைத்தான் எழுதினேன்.

பத்து ஐம்பதுக்கு அவன் வாசல் துளையில் தலையை நீட்டினான். முகமெல்லாம் மரத்தூள், புருவம்கூட வெளுத்திருந்தது. "முடிஞ்சுது. காபி வாங்கிக் குடுங்க" என்றான். கடைசி வரிசையை இன்னொரு தடவை பார்த்துவிடேன், எனக்கு என்னவோ இருமுவதுபோல் இருக்கிறது என்றேன். கடைசி வரிசை பன்னிரண்டு மீட்டர் உள்ளே. "உங்க காதுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போனான்.

அங்கிருந்து துடுப்புகளைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வர ஐம்பது நொடி ஆகும். நான் முந்தின வாரம் என்னையே வைத்து அளந்திருந்தேன்.

பூட்டைத் திறந்தேன். சுவிட்சைத் திருப்பினேன். பூட்டை அவன் அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். அவன் அலமாரியைப் பூட்டுவதே இல்லை. மொத்தம் மூன்று நிமிடம். நான் செய்தது இவ்வளவுதான். பொத்தானை நான் தொடவில்லை.

கண்ட்ரோல் ரூமில் இருந்தவரைக் கண்ணாடி என்று கூப்பிடுவோம், தடித்த மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார். நீங்கள் அவரை இரண்டு நாள் வைத்து விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். இப்போது வேலைக்கு வருவதில்லையாம், வீட்டில் தன் வலது கையைக் கால்களுக்கு இடையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். அவர்மேல் தவறு இல்லை. கரும்பலகையில் பதினொன்று என்று இருந்தது, பச்சை விளக்கு எரிந்தது. அவர் தன் வேலையைச் செய்தார். அதையும் எழுதிவிடுங்கள்.

சைரன் இரண்டு டிரம்முக்கும் ஒன்றுதான். உள்ளே இருப்பவனுக்கு அது எதற்கு ஒலிக்கிறது என்று தெரியாது. ஆனால் தன் பூட்டைத் தன் கையால் போட்டுவிட்டு உள்ளே போனவன் அதைக் கேட்டு ஓடமாட்டான். அது பக்கத்து டிரம்முக்கு என்று நினைத்துக்கொள்வான். பூட்டு என்பதே அதற்குத்தான்.

நான் கருவி அறை வாசலில் நின்றிருந்தேன். சைரன் ஒலித்த முப்பது நொடியும் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துடுப்பாக, அவசரமில்லாமல். எல்லாம் மணிபோல ஒலித்தன. ஒன்றுகூட இருமவில்லை. சீட்டியும் கேட்டதா என்று நீங்கள் கேட்டால், என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியில்லாததை நான் சொல்லமாட்டேன்.

மற்றதை உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். ஆரஞ்சுப் பழம் அவன் பையில், அலமாரியில் இருந்தது. அதை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

இருபத்தேழாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, விசா மேடம் கடிதத்தை மேசையில் வைத்தார். அவர் கண் வீங்கியிருந்தது. "இப்ப இதெல்லாம் எதுக்கு சார், உங்களுக்கு மனசு வருமா" என்றார். நான் இரண்டு முறை முழுக்கப் படித்தேன். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதத்தில் முதல்முறையாக வயிற்றில் பசி தெரிந்தது. அடுத்த வாரம் நேர்காணல். "உங்களைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இன்னொரு படிவம் வந்தது. விபத்து அறிக்கை, தொழிற்சாலையுடையது. ஒன்பதாவது கட்டம்: உள்ளே சென்றவர் தன் பூட்டைப் போட்டிருந்தாரா? கீழே, மேலே கண்டவை உண்மை என்று ஒரு கோடு. பாதுகாப்பு அதிகாரி மூன்று முறை வந்தார். "இல்லன்னு ஒரு வார்த்த எழுதிடுங்க சார். பூட்டு அலமாரிலதான் இருந்துச்சு. மறந்துட்டார் பாவம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவன் மறக்கவில்லையே. மறந்தான் என்று நான் எப்படி எழுதுவேன்? அது பொய். போட்டிருந்தான் என்று எழுதினால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு மற்றதை நிரப்பிக் கொடுத்தேன். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். என்னைப் பற்றி நீங்கள் எதையாவது நல்லதாக எழுத நினைத்தால் இதை எழுதலாம்.

இதோ, உங்கள் மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் சாவி. நூல் சாயம் போய்விட்டது. உடலோடு ஊருக்குக் கிளம்புகிற அன்று, என் மனைவி காலணி போடுவதற்கு முன் சமையலறைக் கதவருகே வெகுநேரம் நின்றாள். மகள் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இது எந்த ஆணில இருக்கும்?" என்று கேட்டாள், என் பக்கம் திரும்பாமல்.

"மூணாவதுல."

"ஆமா. மூணாவதுல" என்றாள். "இப்ப ரெண்டாவதுல, தபால் சாவிமேல மாட்டியிருக்கு. நான் மாட்டல. பாப்பாவுக்கு எட்டாது."

அவள் அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். விமான நிலையத்தில் அதை, வழியனுப்ப வந்த எங்கள் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் தொலைபேசி எண் இப்போது வேலை செய்வதில்லை. துக்கம் ஆறட்டும். வருவாள். அனுமதிக் கடிதம் வந்துவிட்டது, மூன்று வருடத்துக்கு, மூன்று பேர் பெயரும் அதில் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் காற்றில் பறக்காமல் ஆரஞ்சுப் பழத்தை அதன்மேல் வைத்திருக்கிறேன். பழம் சுருங்கிவிட்டது, ஆனால் அந்த எடை போதும். என் மகள் திரும்பி வரும்போது பள்ளியில் அவள் இடம் அப்படியே இருக்கவேண்டும். தலைமையாசிரியருக்கு நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

என் மனைவியின் தம்பியை நான்தான் கொன்றேன். அதை எந்த வரியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன்.

நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு திருத்தம். நான்காம் பக்கம், மேலிருந்து ஏழாவது வரி. விசா அதிகாரியிடம் நான் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அது அப்படியே இருந்தால் இதில் நான் கையெழுத்துப் போடமுடியாது. அந்தத் தேதியில் அந்த நிறுவனத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.